பிஸ்கட்டில் சித்திரம் – எம்முறை நன்று?

பத்தாம் வகுப்பு மாணவி

கிறிஸ்மஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவை எவை? குடிலும் விண்மீனும், நள்ளிரவுத் திருப்பலியும், புத்தாடையும் அல்லவா? அவற்றோடு அடுப்பில் எண்ணெய்ச் சட்டியும் ஏறிவிடும். அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு என்று பலகாரங்கள் வரிசையாக வரும். இந்த வரிசையில் இப்போது சித்திரம் தீட்டிய பிஸ்கட்டும் வந்து சேர்ந்துகொண்டது. கடைகளின் கண்ணாடிப் பேழைக்குள்ளே விண்மீன், மணி, வானதூதர் எனப் பல வடிவங்களில் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. பார்ப்பவர்க்கு, "இதை நாமும் செய்யலாமே!" என்று தோன்றும்.

எங்கள் வகுப்புக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியதோடு நில்லாமல் செய்தும் பார்த்தோம். முதல் ஆண்டு தோற்றோம். மறு ஆண்டு தேறினோம். இரண்டுக்கும் நடுவே நாங்கள் கற்றுக்கொண்டதையே இக்கட்டுரையில் எழுதுகிறேன். நுணுக்கமான சித்திரத்தைப் பிஸ்கட்டில் ஏற்றுவதற்குப் பல முறைகள் உண்டு. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி.

சென்ற ஆண்டு நிகழ்ந்தது

சென்ற ஆண்டு கிறிஸ்மஸுக்கு முன், எங்கள் ஊரிலுள்ள குழந்தைகள் இல்லத்திற்குப் பரிசு கொண்டு செல்வதென முடிவாயிற்று. அங்கே 84 பிள்ளைகள் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட். ஒவ்வொரு பிஸ்கட்டிலும் குடில் காட்சி. இதுவே எங்கள் திட்டம். நீல வானம், மஞ்சள் விண்மீன், பச்சைப் புல், மரியன்னை, சூசையப்பர், நடுவே வைக்கோலில் குழந்தை இயேசு. புத்தகத்தில் கண்ட படத்தை அப்படியே தூரிகையால் தீட்டுவதென்று ஆசைப்பட்டோம். எல்லா முறைகளிலும் அழகானது அதுவே என்பதால் அதைத் தேர்ந்தோம். வேறு எதையும் யோசிக்கவில்லை.

மனையியல் கூடத்தில் காலையில் உட்கார்ந்தவர்கள் மாலை மணி அடிக்கும் வரை எழவில்லை. அப்போது எண்ணிப் பார்த்தால் 39 பிஸ்கட்டுகளே முடிந்திருந்தன. வெளியே மார்கழி மழை பெய்துகொண்டிருந்தது. இரவு முழுவதும் காய்ந்துவிடும் என்று நம்பி மூடி வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் திறந்தபோது எட்டுப் பிஸ்கட்டுகளில் வானத்து நீலம் மரியன்னையின் முகத்தில் வழிந்திருந்தது. நல்லவை 31. மீதி 53 பேருக்கு வெறும் பிஸ்கட்டுகளையே எடுத்துச் சென்றோம்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதல் 31 பேருக்குப் படம் போட்டவை கிடைத்தன. அடுத்து நின்றவள் ஐந்து வயதுச் சிறுமி. கையில் வாங்கிய பிஸ்கட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பையனின் பிஸ்கட்டையும் பார்த்தாள். பிறகு என்னிடம், "அக்கா, என்னோடதுல குழந்தை இயேசு எங்கே?" என்று கேட்டாள்.

எங்களுள் எவருக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் யாரும் பேசவும் இல்லை. உடன் வந்த சிஸ்டர் மட்டும், "படம் நன்றாகத்தான் இருந்தது. முறைதான் தப்பு. அடுத்த ஆண்டு முறையை முதலில் யோசியுங்கள்" என்றார்கள். அந்தச் சொல்லை இந்த ஆண்டு முழுவதும் நாங்கள் மறக்கவில்லை.

ஐசிங் என்பது யாது?

முறைகளைப் பார்ப்பதற்கு முன், சித்திரத்திற்குரிய வண்ணக் குழம்பைப் பற்றி அறிந்துகொள்வோம். பிஸ்கட்டின் மேல் கெட்டியாகக் காய்ந்து, தொட்டால் கையில் ஒட்டாமல் இருப்பது ராயல் ஐசிங். முட்டையின் வெண்கருவையும் மாவாக அரைத்த ஐசிங் சர்க்கரையையும் சில சொட்டு எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து அடித்தால் அது கிடைக்கும். ஒரு வெண்கருவுக்கு ஏறத்தாழ 150 முதல் 170 கிராம் சர்க்கரை பிடிக்கும். வெண்கருவும் சர்க்கரையும் நமக்குப் புதியவை அல்ல. தூத்துக்குடி மக்ரூன் இவ்விரண்டோடு முந்திரிப் பருப்பும் சேர்ந்து உண்டானதுதானே! அதைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரம் பட்டு நமத்துப் போவதை நாம் கண்டிருக்கிறோம். ஐசிங்கின் குணமும் அதுவே.

அடிக்கும் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை சிறிதும் இருத்தலாகாது. இருந்தால் வெண்கரு நுரைத்து எழாது. அடித்த ஐசிங்கை ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டும். இல்லையேல் மேலே ஆடை படிந்து கட்டி கட்டியாகிவிடும்.

பச்சை வெண்கருவில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். ஆதலால் சிறு பிள்ளைகளும் முதியோரும் உண்பதானால், கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய வெண்கருப் பொடியைப் பயன்படுத்துவதே நல்லது. முட்டை உண்ணாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. உப்பில்லாமல் கொண்டைக்கடலையை வேகவைத்து, அந்த நீரை வெண்கருவைப் போல் கொழகொழப்பாகும் வரை சுண்டவிட்டு ஆற்றிக்கொண்டால், அதுவும் வெண்கருவைப் போலவே நுரைத்து எழும். 45 மில்லி நீருக்கு 250 கிராம் ஐசிங் சர்க்கரை போதும். முதன்முதல் இதைச் செய்தபோது நாங்களே நம்பவில்லை!

பதம் அறிதல்

நம் அம்மாமார் பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பார்ப்பார்கள் அல்லவா? ஐசிங்குக்கும் அப்படி மூன்று பதங்கள் உண்டு.

முதலாவது கெட்டிப் பதம். கரண்டியை எடுத்தால் முனை கூர்மையாக நிற்க வேண்டும். இரண்டாவது கோட்டுப் பதம். பற்பசையைப் போல் பிதுங்கி வந்து, இழுத்த கோடு இழுத்தபடியே நிற்கும். மூன்றாவது நிரப்புப் பதம். இது தேனைப் போல் ஓடும். கத்தி முனையால் ஐசிங்கில் ஒரு கீறல் போட்டு 10 எண்ணுங்கள். 10 முதல் 15 எண்ணுவதற்குள் கீறல் தானே மறைந்தால் பதம் சரி. அதற்கு முன்பே மறைந்தால் தண்ணீர் மிகுதி. பிஸ்கட்டின் ஓரத்தில் வழிந்துவிடும். 15-க்கு மேலும் மறையாவிட்டால் இன்னும் சில துளி நீர் விட வேண்டும்.

முறைகள் ஐந்து

இனி முறைகளைப் பார்ப்போம்.

1. கூம்பால் வரைந்து நிரப்புதல்: மருதாணி இடும் கூம்பை அறியாத பெண் யார்? அதே போன்ற கூம்பில் ஐசிங்கை நிறைத்து, முதலில் வெளிக்கோட்டை வரைய வேண்டும். அது சற்றுக் காய்ந்ததும் உள்ளே நிரப்புப் பதத்து ஐசிங்கை விட்டு, பல் குத்தும் குச்சியால் மூலை முடுக்கெல்லாம் தள்ளிவிட வேண்டும். ஈரம் இருக்கும்போதே வேறொரு நிறத்தைப் புள்ளியாக வைத்துக் குச்சியால் இழுத்தால் இலை, இதயம் போன்ற வடிவங்கள் தோன்றும். மேடு பள்ளமுள்ள அழகான வேலை இது. ஆனால் அடுத்தடுத்த நிறங்களுக்கு நடுவே காயும் நேரம் கொடுக்க வேண்டும். கையும் நடுங்காமல் இருக்க வேண்டும்.

குரோஷியா நாட்டின் வடபகுதியில் சிவந்த இதய வடிவ ரொட்டிகளில் இவ்வாறே வண்ண ஐசிங்கால் பூக்களும் கோடுகளும் இடுகிறார்கள். நடுவில் ஒரு சிறு கண்ணாடியும் பதிப்பதுண்டு. இக்கலையை 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

2. தூரிகையால் தீட்டுதல்: பிஸ்கட் முழுவதும் வெள்ளை ஐசிங்கை நிரப்பி ஓர் இரவு காயவிட்டால், அது காகிதம் போன்ற தளமாகும். அதன்மேல் உணவு வண்ணத்தை மெல்லிய தூரிகையால் தீட்டலாம். நிழல், முகபாவம், ஆடை மடிப்பு ஆகியவற்றை இம்முறையில்தான் நன்கு காட்டலாம். ஆனால் தூரிகையில் நீர் மிகுந்தால் அடியிலுள்ள சர்க்கரை கரைந்து குழி விழும். நாங்கள் முதல் ஆண்டு தேர்ந்தது இதைத்தான்.

3. தாளில் வரைந்து ஒட்டுதல்: படத்தை மேசைமேல் வைத்து, அதன்மேல் தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து, கீழே தெரியும் படத்தைப் பார்த்துக் கூம்பால் வரைவது இம்முறை. ஓரிரு நாள் காய்ந்தபின் மெதுவாக உரித்தெடுத்துப் பிஸ்கட்டில் ஒட்டலாம். வரைவதில் தவறினால் சிறிது சர்க்கரைதான் வீணாகும்; பிஸ்கட் வீணாகாது. முன்கூட்டியே செய்து வைக்கவும் முடியும். ஆனால் மெல்லிய கோடுகள் உரிக்கும்போதே ஒடிந்துவிடும்.

4. துளைத் தகடு: தெருக்களில் கோலமாவு விற்பவர்கள் துளையிட்ட தட்டும் விற்பார்களே! தட்டை வைத்து மாவைத் தேய்த்து எடுத்தால் கோலம் விழும். அதே முறைதான் இது. படத்தின் வடிவத்தில் வெட்டிய மெல்லிய தகட்டைப் பிஸ்கட்டின் மேல் வைத்துக் கெட்டிப் பத ஐசிங்கைக் கத்தியால் வழித்தெடுக்க வேண்டும். ஒன்று எப்படி விழுகிறதோ அப்படியே மற்றவையும் விழும். குறை என்னவென்றால், எல்லாப் படத்தையும் தகடாக வெட்ட முடியாது. ஒரு வட்டத்தை வெட்டி, அதனுள்ளே இன்னொரு வட்டம் நிற்க வேண்டுமென்றால், உள்வட்டம் பிடிப்பின்றிக் கீழே விழுந்துவிடும். அதைத் தாங்கச் சிறு பாலங்கள் விட வேண்டும்.

5. மர அச்சு: நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சு போன்றது. செதுக்கிய மர அச்சில் மாவை அழுத்தினால் படம் மாவிலேயே பதிந்துவிடும். ஐசிங்கே வேண்டாம்! நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு இவ்வாறு அச்சிட்ட பிஸ்கட்டுகளைச் செய்கிறார்கள். மாவு ஒட்டாதிருக்க அச்சில் அரிசி மாவு தூவுவது அவர்கள் வழக்கம். ஜெர்மனியின் தென்பகுதியில் செய்யும் சோம்பு மணக்கும் பிஸ்கட்டை, அச்சிட்டபின் ஏறத்தாழ ஒரு நாள் காயவிட்டே சுடுவார்கள். மேற்புறம் காய்ந்திருப்பதால் படம் சிதையாது; அடிப்புறம் மட்டும் எழும்பும். இவ்வகை அச்சுகளுள் மிகப் பழமையான ஒன்று, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்து நாட்டின் புனித கத்தரீனா மடத்திற்கு உரியதாயிருந்த அந்த அச்சில் பாஸ்கா ஆட்டுக்குட்டி செதுக்கப்பட்டுள்ளது. இன்று அது சூரிக் நகரத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கன்னியர் மடங்களுக்கும் பிஸ்கட்டுச் சித்திரத்திற்கும் உள்ள உறவு எவ்வளவு பழமையானது, பாருங்கள்!

இவையன்றி, உண்ணத்தக்க மையால் சர்க்கரைத் தாளில் படத்தை அச்சிட்டு ஒட்டும் முறையும் இன்று உண்டு. புகைப்படத்தைக் கூட அவ்வாறு ஒட்டலாம். ஆனால் அதற்கெனத் தனி இயந்திரம் வேண்டும். அன்றியும் வேலை இயந்திரத்தினுடையதாகிவிடும் என்பதால் நாங்கள் அதை எண்ணவில்லை.

ஐந்து கேள்விகள்

இவற்றுள் எது சிறந்தது? தனித்து நிற்கும்போது எல்லாமே சிறந்தவைதாம். எங்கள் காரியத்துக்கு எது ஏற்றது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அதற்காக இந்த ஆண்டு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டோம்.

முதற் கேள்வி: படத்தில் இருப்பது கோடா, நிரப்பிய பரப்பா, நிழலா? கோட்டுக்குக் கூம்பு, பரப்புக்குத் தகடு, நிழலுக்குத் தூரிகை.

இரண்டாம் கேள்வி: எத்தனை வேண்டும்? பிறந்தநாளுக்கு ஆறு என்றால் எம்முறையும் சரி. 84 என்றால் அப்படி அன்று.

மூன்றாம் கேள்வி: செய்யும் கைகள் எப்படிப்பட்டவை? எங்கள் ஆறு பேரில் நடுங்காமல் கோடு இழுப்பவர் மூவரே. நான் அந்த மூவரில் ஒருத்தி அல்லள்.

நான்காம் கேள்வி: காற்று எப்படி இருக்கும்? ஐசிங் காய்வதென்பது அதிலுள்ள நீர் காற்றில் போவதுதான். மழை நாளில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அது மெதுவாகவே காயும். அதுவரை அடர்ந்த நிறம் பக்கத்திலுள்ள வெள்ளைக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். எங்கள் நீல வானம் வழிந்த காரணம் இதுவே. குளிர்பெட்டியில் திறந்து வைப்பதும் உதவாது; வெளியே எடுத்ததும் நீர் வியர்த்துவிடும்.

ஐந்தாம் கேள்வி: உண்பவர் யார்? இல்லத்துப் பிள்ளைகளில் சிலர் முட்டை உண்பதில்லை என்பதைச் சென்ற ஆண்டு நாங்கள் கேட்கக்கூட இல்லை. இவ்வாண்டு முதலிலேயே கேட்டறிந்தோம்.

கடிகாரம் சொன்ன விடை

கேள்விகளோடு நில்லாமல், ஒவ்வொரு முறையிலும் சில பிஸ்கட்டுகளைச் செய்து, நேரத்தைக் குறித்துக்கொண்டோம். அதே குடில் காட்சிதான். காயும் நேரத்தைச் சேர்க்காமல், தூரிகையால் தீட்ட ஒரு பிஸ்கட்டுக்கு 15 நிமிடம் ஆயிற்று. 84-க்குக் கணக்கிட்டால் 1,260 நிமிடம். அதாவது 21 மணி நேரம். கூம்பால் வரைந்து நிரப்ப 11 நிமிடம். 84-க்கு 15 மணி 24 நிமிடம். தாளில் வரைந்து ஒட்ட 9 நிமிடம். 84-க்கு 12 மணி 36 நிமிடம். உரிக்கும்போது ஒடிந்தவை இக்கணக்கில் சேரா. துளைத் தகட்டுக்கோ ஒரு நிமிடம். 84-க்கு 84 நிமிடம்!

மர அச்சும் விரைவானதுதான். ஆயினும் எங்கள் படத்துக்குரிய அச்சைச் செதுக்க ஒரு தச்சரைத் தேட வேண்டும், செலவும் ஆகும். ஆகவே துளைத் தகட்டையே தேர்ந்தோம்.

உண்மையைச் சொன்னால், எங்களுள் இருவருக்கு இது பிடிக்கவில்லை. "தகடு வைத்துத் தேய்ப்பது சித்திரமா? அது யார் வேண்டுமானாலும் செய்யலாமே!" என்றார்கள். அவர்கள்தாம் எங்கள் வகுப்பிலேயே நன்றாக வரைபவர்கள். சென்ற ஆண்டின் 31 பிஸ்கட்டுகளில் பெரும்பகுதி அவர்கள் தீட்டியவை. அவர்கள் வருத்தம் நியாயமானதே. ஆனால் தகட்டுக்கான படத்தை வரைய உட்கார்ந்தபோதுதான், சித்திரக்காரியின் வேலை அங்கே இருக்கிறது என்று புரிந்தது. கண், மூக்கு, ஆடை மடிப்பு எதையும் தகட்டில் காட்ட முடியாது. வெள்ளை வடிவங்களாலும் இடைவெளிகளாலும் மட்டுமே மரியன்னை என்று தெரிய வைக்க வேண்டும். அவ்விருவரும் 11 படங்களை வரைந்து கிழித்தார்கள். பன்னிரண்டாவது படத்தில், குனிந்த தலையின் வளைவு ஒன்றே அன்னையைக் காட்டிவிட்டது. குழந்தையின் தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்துக்கு மட்டும் இரண்டு பாலங்கள் விட்டார்கள். உணவுக்குரிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் அதைக் கூர்ங்கத்தியால் வெட்டித் தந்தவர்களும் அவர்களே.

செய்த விதம்

நிறம் வழியும் தொல்லைக்கு எளிய மருந்து கண்டோம். நிறத்தையே குறைத்துவிட்டோம்! பிஸ்கட்டைப் பழுப்பாகச் செய்து, அதன்மேல் வெள்ளை ஐசிங் ஒன்றை மட்டும் இட்டால், வழிவதற்கு அடர்நிறமே இல்லை அல்லவா? ஐரோப்பியரின் இஞ்சி ரொட்டிகளில் பழுப்பின்மேல் வெள்ளைக் கோடு எடுப்பாகத் தெரிவதும் இப்படித்தான்.

250 கிராம் மைதா, 125 கிராம் வெண்ணெய், 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி சுக்குப் பொடி, அரைத் தேக்கரண்டி பட்டைப் பொடி, பிசையும் அளவு பால் மூன்று மேசைக்கரண்டி. இந்த அளவுக்கு 6 சென்டிமீட்டர் அகலமுள்ள பிஸ்கட் ஏறத்தாழ 24 வரும். ஆப்ப சோடாவோ பேக்கிங் பவுடரோ சேர்க்கலாகாது. சேர்த்தால் மேற்புறம் உப்பும், தகடு படியாது. மாவை அரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியான கனத்தில் தேய்த்து வெட்டி, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 முதல் 14 நிமிடம் சுட்டோம். சூடாக இருக்கும்போதே தட்டையான தட்டின் அடியால் மெல்ல அழுத்தி மேற்புறத்தைச் சமமாக்கினோம். உடையக்கூடியவற்றை எண்ணி 96 பிஸ்கட்டுகள் சுட்டோம்.

ஐசிங்கைக் கொண்டைக்கடலை நீரில் கெட்டிப் பதமாக அடித்தோம். ஒருத்தி தகட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருத்தி கத்தியைச் சாய்த்து ஒரே வழிப்பாக வழிக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் ஐசிங் தகட்டின் அடியில் புகுந்து ஓரம் கலங்கும். தகட்டை நேர் மேலே தூக்க வேண்டும். ஐந்தாறு பிஸ்கட்டுக்கு ஒரு முறை அதன் அடிப்புறத்தைத் துடைக்க வேண்டும். இவ்வளவே வித்தை. "பதறாத காரியம் சிதறாது" என்பது இங்கே முற்றிலும் உண்மை.

வெள்ளை காய்ந்தபின், குடிலுக்கு மேலே மஞ்சள் ஐசிங்கால் ஒரே ஒரு புள்ளி. அதுதான் விண்மீன். கூம்பைப் பிடித்து அந்தப் புள்ளிகளை வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கோடு இழுக்கத் தெரியாவிட்டாலும் புள்ளி வைக்கலாம் அல்லவா? மின்விசிறியின் கீழ் ஓர் இரவு முழுவதும் காயவைத்து, மறுநாள் காற்றுப் புகாத தகர டப்பாக்களில் அடுக்கினோம். அன்றும் மழைதான். ஆனால் எதுவும் வழியவில்லை.

96-இல் ஐந்து உடைந்தன. நான்கில் தகடு நழுவிப் படம் கலங்கியது. மீதி 87. இல்லத்தில் இவ்வாண்டும் 84 பிள்ளைகளே இருந்தார்கள். மிஞ்சிய மூன்றை நாங்கள் ஆறு பேரும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டோம்.

முடிவாக

இவ்வாண்டு வரிசையில் அந்தச் சிறுமி எங்கே நிற்கிறாள் என்று நாங்கள் தேடினோம். கடைசிக்கு முந்தினவளாக நின்றாள். பிஸ்கட்டை வாங்கியதும் சென்ற ஆண்டு போலவே தன் பக்கத்தில் இருந்தவளின் பிஸ்கட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வேறொன்றும் கேட்காமல் ஓரத்திலிருந்து கடித்துத் தின்னத் தொடங்கினாள். நடுவிலிருந்த குழந்தை இயேசுவைக் கடைசி வரை விட்டு வைத்திருந்தாள்.

சென்ற ஆண்டின் படங்கள்தாம் அழகில் உயர்ந்தவை. இதை நான் மறுக்கவில்லை. ஒரே ஒருவருக்குக் கொடுப்பதானால் இன்றும் தூரிகையையே எடுக்கச் சொல்வேன். கை பழகிய தோழியர் நேரமும் வெயிலும் உள்ள நாளில் அதைச் செய்து பார்க்கட்டும். ஆனால் எண்பது பேர் காத்திருக்கும்போது, எண்பது பேருக்கும் எட்டக்கூடிய முறையே சிறந்த முறை. எவ்வளவு நுணுக்கமாகச் செய்ய முடியும் என்று கேட்பதற்கு முன், எத்தனை பேருக்குச் செய்ய வேண்டும் என்று கேட்போம்.

அன்புத் தோழியரே! வரும் கிறிஸ்மஸுக்கு நீங்களும் பிஸ்கட்டில் சித்திரம் எழுத முற்பட்டால், கூம்பைக் கையில் எடுக்குமுன் ஒரு தாளை எடுத்து அந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றைச் செய்து, கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு பெருக்கிப் பாருங்கள். கணக்கு வகுப்பில் கற்ற பெருக்கல், மனையியல் கூடத்தில் இவ்வளவு உதவும் என்று நான் எண்ணியதே இல்லை!